ஒரு வார சைக்கிள் பந்தயத்தில் மலையேற்ற ஃபார்மை எடைபோடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை கிடையாது. செங்குன்றம் என்று பெயரிலேயே குன்று வைத்திருக்கும் ஊருக்குப் போனாலும் அங்கே ஏரிதான். சைக்கிளில் ஏறிப் பழக வேண்டுமென்றால் விடியற்காலையில் லாரி வருவதற்கு முன்னால் மூலக்கடை மேம்பாலத்தில் பத்து தடவை ஏறி இறங்குவோம், வருஷத்துக்கு இரண்டு தடவை ஜோலார்பேட்டை வரைக்கும் ரயிலில் போய் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவோம், அவ்வளவுதான். ஆனால் ஜூன் மாதத்தில் இரவு எட்டரை மணிக்கு இந்த மாடியில் ஒரு டேப்லெட், ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு ஸ்டாப்வாட்ச் ஆப் இருக்கும். பிரான்ஸில் மாலை ஐந்து மணி, நமக்கு எட்டரை. மலை ஸ்டேஜ் முடிகிற நேரம்.

2025 ஜூன் 14, சனிக்கிழமை. பிரான்ஸில் நடக்கும் எட்டு நாள் சைக்கிள் பந்தயமான டோஃபினேயின் ஏழாவது ஸ்டேஜ், அதாவது ஏழாவது நாள் ஓட்டம், முடிந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான்: "இன்னாண்ணா, விங்கேகார்ட் நேத்து ஒரு நிமிஷம் பின்னாடி வந்தாரு, இன்னிக்கு 14 செகண்டுதான். அப்போ அவரு தேறிட்டாரா, இல்ல பொகாச்சாரு டல் ஆயிட்டாரா?" விங்கேகார்ட்டும் பொகாச்சாரும் டூர் டி பிரான்ஸ் பட்டத்துக்கு மோதும் இரண்டு பெரிய வீரர்கள், அந்த இரண்டு நாளும் முதலில் வந்தவர் பொகாச்சார். சரியான கேள்வி. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். ஃபார்ம் என்பது யார் முதலில் வந்தார் என்பதில் இருக்காது. ஒரே ஆள் திங்கள்கிழமை எப்படி ஏறினார், சனிக்கிழமை எப்படி ஏறினார், அந்த இடைவெளிக்கு என்ன விலை கொடுத்தார் என்பதில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க மிதிக்கும் சக்தியை அளக்கும் டீமின் பவர் மீட்டர் கணக்கு நம் கைக்கு வர வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

முதல் வேலை: எந்தப் பந்தயம், எந்த மாதம்

ஒரு வாரப் பந்தயம் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாம் ஒன்று கிடையாது. மார்ச்சில் பாரி–நீஸ், டிரெனோ–அட்ரியாட்டிகோ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் நடக்கும். அப்புறம் கதலூனியா, பாஸ்க் நாட்டுப் பந்தயம், ஏப்ரல் கடைசியில் ரொமாண்டி. ஜூனில் டோஃபினேவும் (2026 முதல் அதன் பெயர் டூர் ஓவேர்ன்–ரோன்–ஆல்ப்), 2025 வரை எட்டு நாள் ஓடிய டூர் டி சுவிஸும். ஜூலையில் மூன்று வார டூர் டி பிரான்ஸ் (சுருக்கமாக டூர்) ஓடப்போகிறவர் மார்ச்சில் உச்சத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஜூனில் முழுசாகத் தயாராக இருக்காமல் போகலாம், ஆனால் தயாராகிக்கொண்டிருப்பது தெரிந்தாக வேண்டும்.

2023 பாரி–நீஸில் பொகாச்சார் முதலிடம், பிரெஞ்சு வீரர் டேவிட் கோடு இரண்டாமிடம், விங்கேகார்ட் 1 நிமிடம் 39 விநாடி பின்னால் மூன்றாமிடம். அன்று நோட்டில் "இந்த வருஷம் பொகாச்சார்தான்" என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஜூனில் விங்கேகார்ட் டோஃபினேவை 2 நிமிடம் 23 விநாடி வித்தியாசத்தில் வென்றார், ஜூலையில் டூரை 7 நிமிடம் 29 விநாடியில். நடுவில் ஏப்ரலில் பொகாச்சார் லியேஜ் பந்தயத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பை உடைத்துக்கொண்டார், அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் என் தவறு வேறு. மார்ச் மாதக் கணக்கை நான்கு மாதம் நீட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இந்தக் கணக்கு எத்தனை வாரத்துக்குச் செல்லும் என்று எழுதுகிறேன். ஜூன் கணக்குக்கு ஐந்து வாரம், மார்ச் கணக்குக்கு மூன்று வாரம்.

பந்தயம் தொடங்கும் முன் நோட்டில் எழுத வேண்டியவை

ஸ்டேஜ் பட்டியலை எடுத்து, கடைசியில் அல்லது கடைசிக்கு முந்தி வரும் பெரிய ஏற்றங்களை மட்டும் பிரித்தெடுங்கள். எட்டு நாள் பந்தயத்தில் ஃபார்மை உண்மையில் காட்டுவது மூன்று நாளோ, நான்கு நாளோதான், மீதி நாட்களில் எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவர் காற்றுக்கு மறைந்து வருவார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நீளம், மொத்த உயரம், சராசரிச் சரிவு, உச்சி கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், அதற்கு முன் அன்றைக்கு எத்தனை மீட்டர் ஏறியிருப்பார்கள் என்ற ஐந்தும் வேண்டும்.

சராசரிச் சரிவை அப்படியே நம்பிவிடாதீர்கள். 10 கிலோமீட்டர் ஏற்றம், சராசரி 6 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், உள்ளே பார்த்தால் நடுவில் இரண்டு கிலோமீட்டர் சமதளம், மீதி 7.5 சதவீதம். அந்தச் சமதளத்தில் கூட்டம் பறக்கும், பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவர் மூச்சு வாங்கிக்கொள்வார். ஒரே சீரான சரிவு, 20 நிமிடத்துக்கு மேல் ஆகும் ஏற்றம், இவைதான் எடைபோட நல்லவை. மூன்று நிமிட ஏற்றத்தில் ஒருவர் பாய்ந்துவிட்டால் அது அவருடைய வெடிப்பைக் காட்டும், மலைத்திறனைக் காட்டாது. இரண்டும் வேறு வேறு சரக்கு.

ஆட்களைப் பற்றியும் எழுதுங்கள், ஆனால் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். கடைசியாக எப்போது பந்தயம் ஓடினார், எப்போது விழுந்தார், மலைமுகாமிலிருந்து எப்போது இறங்கினார். தெய்டே, சியரா நெவாடா, டீன்யே மாதிரி உயரமான இடங்களில் இரண்டு மூன்று வாரம் தங்கிப் பயிற்சி செய்துவிட்டு நேராகப் பந்தயத்துக்கு வருபவர்களில் சிலருக்கு முதல் இரண்டு நாள் கால் கனமாக இருக்கும், அப்புறம் திறந்துகொள்ளும். இது தெரியாமல் முதல் நாள் பார்த்துவிட்டு ஆள் காலி என்று எழுதினால் சனிக்கிழமை வருத்தப்படுவீர்கள்.

பெல்ஜிய வீரர் எவனப்போலின் 2024 இதற்குச் சரியான உதாரணம். ஏப்ரல் 4-ம் தேதி பாஸ்க் பந்தயத்தில் விழுந்து காரை எலும்பும் தோள்பட்டை எலும்பும் உடைந்தன. இரண்டு மாதம் கழித்து டோஃபினேவுக்கு வந்தார், ஒவ்வொருவராகத் தனியே நேரத்தோடு போட்டி போடும் டைம் ட்ரையலை வென்றார், மலைகளில் நேரம் இழந்து ஏழாவதாக முடித்தார். ஏழாவது என்ற எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் எலும்பு உடைந்து இரண்டே மாதத்தில் டைம் ட்ரையலை வெல்லும் சக்தி உடம்பில் இருக்கிறது, மலைக்கான மெலிவும் பந்தய ஓட்டமும்தான் பாக்கி என்று படித்திருந்தால் ஜூலையில் அவர் டூரில் மூன்றாமிடம் வந்தபோது ஆச்சரியப்பட்டிருக்க மாட்டீர்கள்.

ஸ்டாப்வாட்ச் எடுங்கள்

இங்கேதான் பலர் சோம்பல்படுகிறார்கள், ஆனால் இதுதான் அஸ்திவாரம். அடிவாரத்தில் ஒரு அடையாளம் பிடியுங்கள்: ஒரு பாலம், ரவுண்டானா, ஏற்றம் தொடங்கும் பலகை. உச்சியில் கோடு இருக்கும். நேரலையில் கேமரா அடிவாரத்தைத் தவறவிட்டால், இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று திரையில் ஓடும் எண்ணை வைத்துப் பிடிக்கலாம், ஆனால் அந்த எண் பத்து இருபது விநாடி முன்பின் போகும், அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் கிடைத்ததும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் ஏறினார் என்று கணக்கிடுங்கள். 10 கிலோமீட்டர், 8 சதவீதம் என்றால் 800 மீட்டர். அதை 27 நிமிடத்தில் ஏறினால் மணிக்கு 1778 மீட்டர். இதை இத்தாலியச் சொல்லின் முதலெழுத்துகளை வைத்து வாம் என்பார்கள். இதிலிருந்து கிலோவுக்கு எத்தனை வாட் என்று மதிப்பிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: சரிவுச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி 200-ஐக் கூட்டுங்கள், வாமை அதால் வகுங்கள். 8 சதவீதத்துக்கு 280. 1778-ஐ 280-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 6.35 வாட். இதே ஏற்றத்தில் 30 நிமிடம் எடுத்தவருக்கு 5.7. இந்த முறையைப் பரப்பியவர் மைக்கேலே ஃபெராரி என்ற இத்தாலிய டாக்டர். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் அமெரிக்க அமைப்பு அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. கணக்கு கணக்குதான், ஆனால் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. அந்த 27 நிமிடத்தில் நீங்கள் அரை நிமிடம் தவறாகப் பிடித்திருந்தால் 6.35 என்பது 6.47 ஆகிவிடும். பத்து நிமிட ஏற்றத்தில் அதே அரை நிமிடத் தவறு 0.3 வாட்டைத் தூக்கிக் கொடுத்துவிடும், அதாவது ஒரு நல்ல வீரருக்கும் சாம்பியனுக்கும் இடையிலான தூரம் மொத்தமும் உங்கள் கட்டைவிரல் தவறில் போய்விடும். அதனால் குறுகிய ஏற்றத்துக்கு வாட் கணக்கே போடாதீர்கள், வெறும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். நீண்ட ஏற்றத்துக்கும் ஒரு தசமத்துக்கு மேல் எழுதாதீர்கள். 6.3 போதும், 6.347 என்று எழுதுபவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார்.

நீண்ட ஏற்றம் என்றால் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதற்கு 2024 டூரின் பிளாட்டோ தெ பெய்ல் ஏற்றமே உதாரணம். 15.8 கிலோமீட்டர், 7.9 சதவீதம். பொகாச்சார் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறினார், 1998-ல் இத்தாலிய வீரர் பந்தானி வைத்த நேரத்தைவிடச் சுமார் மூன்றரை நிமிடம் குறைவு. அங்கே பத்து விநாடித் தவறெல்லாம் ஒரு பொருட்டே கிடையாது.

காற்று, வெயில், உயரம்

எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வழியாகத் தெற்கே சாயங்காலம் மிதித்து வந்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் அதே ரோட்டில் மணிக்கு 32 கிலோமீட்டரில் வந்த ஆள், கடல்காற்று எழுந்தபின் அதே மூச்சில் 26-ல் தடுமாறுவார். கால் ஒன்றுதான், மாறியது காற்று. ஏற்றத்தில் மெதுவாகத்தானே போகிறார்கள், காற்று என்ன செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சக்தி காற்றைக் கிழிக்கவே போகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால் அந்தப் பங்கு இரண்டு மடங்கு. முதுகுக்காற்று வந்தால் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். ஆகவே ரெக்கார்ட் உடைந்தது என்று கூச்சல் கேட்டால் முதலில் கொடிகளைப் பாருங்கள், மரங்களைப் பாருங்கள், ஓரத்தில் நிற்பவர்களின் சட்டை எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பாருங்கள்.

2000 மீட்டரைத் தாண்டும் உச்சிகளில் எல்லோருடைய சக்தியும் சில சதவீதம் இறங்கும், ஆனால் ஒரே அளவு இறங்காது. உயரத்தில் ஒருவர் இழந்த நேரத்தை அப்படியே தாழ்வான மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. வெயிலும் அப்படித்தான். ஜூனில் பிரான்ஸில் வெப்ப அலை அடித்தால் சிலர் கரைந்துவிடுவார்கள். ஐஸ் நிரப்பிய காலுறையைக் கழுத்துக்குள் யார் எத்தனை தடவை வாங்குகிறார் என்று நான் குறித்து வைப்பேன்.

யார் இழுத்தார், யார் மறைந்து வந்தார்

ஒரு வாரப் பந்தயத்தில் டீமுக்கு ஏழு பேர்தான், பெரிய மூன்று வாரப் பந்தயங்களில் எட்டு. ஒருவர் குறைந்தாலே தலைவர் சீக்கிரம் தனியாக நிற்பார். அதனால் ஏற்றத்தின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்னால் இழுப்பவர் எந்த டீம் என்று ஒரு எழுத்துப் போட்டுக்கொண்டே போங்கள். ஐந்து கிலோமீட்டர் ஒரு டீம் கடுமையாக இழுத்து, கூட்டம் எண்பதிலிருந்து பன்னிரண்டு பேராகச் சுருங்கினால், அந்தப் பன்னிரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாருமே இழுக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஏறினால் முப்பது பேர் ஒன்றாக வந்து சேர்வார்கள், அன்றைக்கு ஃபார்ம் கணக்கே போடாதீர்கள், பக்கத்தைக் காலியாக விடுங்கள். காலிப் பக்கமும் ஒரு தகவல்தான்.

அடிவாரத்தில் யார் எங்கே இருந்தார் என்பதும் கட்டாயம் வேண்டும். நாற்பதாவது ஆளாகக் குறுகிய ரோட்டுக்குள் நுழைந்தவர், முன்னால் ஒவ்வொருவராக விழும் ஆட்களைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து, கடைசியில் 20 விநாடி பின்னால் முடித்தால், அவர் பத்தாவது ஆளாக நுழைந்து 10 விநாடி பின்னால் முடித்தவரைவிட வலுவாக ஏறியிருக்கலாம். ரிசல்ட் பட்டியலில் அது தெரியவே தெரியாது.

டைம் ட்ரையலில் மட்டும் மறைய இடமில்லை, அதிலும் மலை டைம் ட்ரையல் கிடைத்தால் அதற்கு மூன்று மடங்கு எடை கொடுங்கள். சமதள டைம் ட்ரையலை மலைக் கணக்கோடு கலக்காதீர்கள். 2025 டோஃபினேயின் 17.4 கிலோமீட்டர் டைம் ட்ரையலில் எவனப்போல் வென்றார், விங்கேகார்ட் 20 விநாடி, பொகாச்சார் 48 விநாடி பின்னால். இரண்டு நாள் கழித்து மலையில் நடந்தது நேர் எதிர். சமதளக் கணக்கும் அப்படியே நிற்கவில்லை: ஜூலையில் டூரின் கான் நகர டைம் ட்ரையலில் பொகாச்சார் விங்கேகார்ட்டைவிட 1 நிமிடம் 5 விநாடி வேகமாக முடித்தார்.

உடம்பைப் படிப்பது

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பாக்ஸிங் கொட்டகை இருந்தது. அங்கிருந்த மாஸ்டர் குத்தைப் பார்க்கவே மாட்டார். ரவுண்டு முடிந்து ஆள் மூலைக்கு நடந்து வருவதைப் பார்ப்பார். "கை பொய் சொல்லும்டா, தோளும் வாயும் சொல்லாது" என்பார். மலையேற்றத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

தோள் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தால் இடுப்பும் முதுகும் சோர்ந்துவிட்டன, கால் தனியாக வேலை செய்ய முடியவில்லை. மிதிக்கும் வேகம் திடீரென்று குறைந்து கியர் மாறாமல் இருந்தால் இன்னும் அரை நிமிடத்தில் பிடி விடும். முன்னால் போகும் சக்கரத்துக்கும் இவர் சக்கரத்துக்கும் நடுவே ஒவ்வொரு வளைவிலும் ஒரு மீட்டர் இடைவெளி திறந்து, நேர்ப்பாதையில் மறுபடி மூடுகிறது என்றால் மூன்றாவது அல்லது நான்காவது வளைவில் மூடாது. கூட்டத்தின் ஐந்தாவது இடத்திலிருந்து ஒருவர் மெல்ல மெல்லக் கடைசி இடத்துக்கு நழுவுவதுதான் எனக்கு மிக நம்பகமான அடையாளம், முகத்தைவிட.

முகத்தை அதிகம் நம்பாதீர்கள். சிலருக்கு நன்றாக இருக்கும்போதும் முகம் கோணும், சிலர் செத்துக்கொண்டிருக்கும்போதும் கோயில் குளத்துத் தண்ணீர் மாதிரி இருப்பார்கள். ஒரே ஆளை அவருடைய நல்ல நாளோடு ஒப்பிடுங்கள், இன்னொருவர் முகத்தோடு வேண்டாம். உட்கார்ந்தபடியே தாக்குகிறாரா (அதாவது திடீரென்று வேகமெடுத்து மற்றவர்களை உதறுகிறாரா), எழுந்து நின்று தாக்கி அப்புறம் உட்கார்ந்ததும் வேகம் விழுகிறதா என்பதையும் பாருங்கள். எழுந்து பத்து விநாடி பாய்வது யாராலும் முடியும், உட்கார்ந்தபின் அடுத்த மூன்று நிமிடம்தான் ஃபார்ம்.

மூன்றாவது ஆளை அளவுகோலாக வையுங்கள்

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் வழிகாட்டியில் இதுதான் நெஞ்சுப்பகுதி. 2025 டோஃபினேயில் ஆறாவது ஸ்டேஜ் கொம்ப்ளூவில் முடிந்தது, தொமான்சி என்ற குட்டை ஏற்றம் வழியாக, 2.5 கிலோமீட்டர், 9.4 சதவீதம். 2023 டூரின் டைம் ட்ரையலில் விங்கேகார்ட் பொகாச்சாரை 1 நிமிடம் 38 விநாடி வித்தியாசத்தில் நொறுக்கிய அதே ரோடு. இந்தத் தடவை பொகாச்சார் அங்கே தாக்கினார், முடிவில் விங்கேகார்ட் 1:01, ஜெர்மன் வீரர் லிப்போவிட்ஸ் 1:22, எவனப்போல் 1:50 பின்னால். மறுநாள் மாதலேன், குருவா தெ ஃபெர் என்று இரண்டு பெரிய கணவாய்களைத் தாண்டி வல்மெய்னியே 1800-ல் முடிவு. விங்கேகார்ட் 14 விநாடி, லிப்போவிட்ஸ் 1:21, எவனப்போல் 2:39.

முதலிடத்தில் வந்தவரை அளவுகோலாக வைத்தால் தம்பி கேட்ட குழப்பம்தான் வரும். ஏனென்றால் முன்னால் போகிறவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். கையில் தலைமை ஜெர்சி வந்துவிட்டது, இன்னும் ஒரு நாள் பாக்கி, டூர் மூன்று வாரத்தில், அதற்கு மேல் எதற்குச் செலவழிப்பார்? அவர் நிற்கிற இடம் ரப்பர் ஸ்கேல், இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

அதனால் நேர்மையாகத் தன் முழு வேகத்தில் ஏறும் ஒருவரை எடுங்கள், மேடையில் ஏற வேண்டும் என்ற ஆசை உள்ளவர், ஆனால் முன்னால் போகிறவரைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று தெரிந்தவர். இங்கே அது லிப்போவிட்ஸ். 1:22, 1:21. இரண்டு நாளும் ஏறத்தாழ ஒரே எண். இப்போது அவரை வைத்து மற்றவர்களை அளந்து பாருங்கள். விங்கேகார்ட் வெள்ளிக்கிழமை லிப்போவிட்ஸைவிட 21 விநாடி முன்னால், சனிக்கிழமை 67 விநாடி முன்னால். அதாவது அவர் நிஜமாகவே மேலே போயிருக்கிறார், அல்லது நீண்ட ஏற்றம் அவருக்குக் குட்டை ஏற்றத்தைவிட ஒத்துவருகிறது. எவனப்போல் வெள்ளிக்கிழமை லிப்போவிட்ஸுக்கு 28 விநாடி பின்னால், சனிக்கிழமை 78 விநாடி பின்னால். ஏற்றம் நீண்டதும், முந்தைய நாளின் களைப்பு சேர்ந்ததும், அவர் கீழே போகிறார்.

பொகாச்சார்? வெள்ளிக்கிழமை முடிவுக்கு ஏழு கிலோமீட்டர் பக்கத்தில் தாக்கி லிப்போவிட்ஸிடமிருந்து 1:22 எடுத்தவர், சனிக்கிழமை சுமார் 12 கிலோமீட்டர் இருக்கும்போது கிளம்பி 1:21 எடுத்தார். கிலோமீட்டருக்கு என்று வகுத்துப் பாருங்கள், வெள்ளிக்கிழமை 12 விநாடிக்குக் கொஞ்சம் கீழே, சனிக்கிழமை 7 விநாடிக்குக் கீழே. டல் ஆகிவிட்டார் என்றும் படிக்கலாம், சேமித்தார் என்றும் படிக்கலாம். இந்த இடத்தில்தான் உடம்பைப் படித்த குறிப்பு உதவிக்கு வரும். தோள் ஆடியதா, பிடி இறுகியதா, கடைசிக் கிலோமீட்டரில் விங்கேகார்ட் நெருங்கினாரா? என் நோட்டில் அன்று "தோள் அசையவில்லை" என்று இருக்கிறது. தம்பியிடம் சொன்னேன்: இரண்டும் உண்மைடா, அவர் தேறியிருக்கிறார், இவர் சேமித்திருக்கிறார், ரெண்டையும் தனித்தனியா எழுது.

ஜூலையில் ஓத்தகாம் ஏற்றத்தில், 13.5 கிலோமீட்டர், 7.8 சதவீதம், பொகாச்சார் விங்கேகார்ட்டிடமிருந்து 2 நிமிடம் 10 விநாடி எடுத்தார். எவனப்போல் பதினான்காவது ஸ்டேஜில் தூர்மலே ஏற்றத்தில் பந்தயத்தை விட்டு இறங்கினார். ஒரு வீரர் விலகுவதற்கு உடம்புக்குள் ஆயிரம் காரணம் இருக்கலாம், அதை ஜூன் மாத நோட்டு சொல்லாது. ஆனால் சரிவின் திசை ஜூனிலேயே தெரிந்தது.

ஒன்று கவனியுங்கள், அளவுகோலாக வைக்கும் ஆள் அன்றைக்குச் சைக்கிள் பழுதாகி நின்றாலோ, தன் தலைவருக்காக வேலை செய்தாலோ அவர் உதவமாட்டார். இரண்டு அல்லது மூன்று பேரை வைத்துக்கொண்டால் பாதுகாப்பு.

கடைசி மலை நாளுக்கு இரட்டை எடை

முதல் மலை நாளில் எல்லோருக்கும் கால் புதுசு. ஏழாவது எட்டாவது நாளில்தான் மூன்று வாரப் பந்தயத்தின் வாசனை லேசாக அடிக்கும். 2024 டோஃபினேயில் ஸ்லோவேனிய வீரர் ரோக்லிச் மலைகளில் வரிசையாக ஜெயித்துக்கொண்டே வந்தார், கடைசி நாள் கிளியேர் பீடபூமி ஏற்றத்தில் பிடி விட்டு, மொத்தத்தில் இரண்டாமிடம் வந்த ஜார்கன்சனிடம் 48 விநாடி இழந்தார். பந்தயத்தை 8 விநாடியில் காப்பாற்றி வென்றுவிட்டார், அடுத்த நாள் தலைப்புச் செய்தியில் வென்றவர் பெயர்தான். ஆனால் நோட்டு வைத்திருந்தவருக்குக் கடைசி 48 விநாடிதான் செய்தி. அதே மாதிரி 2022-ல் பந்தயத்தை வென்றவர் ரோக்லிச், இரண்டாமிடம் விங்கேகார்ட், கடைசி நாள் சொலேசோன் ஏற்றத்தில் முதலில் கோட்டைத் தொட்டவர் விங்கேகார்ட். அந்த ஜூலையில் டூரை வென்றவரும் அவரே.

கடைசி நாளில் ஒன்றும் நடக்காமலும் போகலாம். 2025-ன் கடைசி ஸ்டேஜை மோன் செனியில் லெனி மார்டினேஸ் வென்றார், பெரியவர்கள் இருவரும் அவர் பின்னால் சேர்ந்து வந்தார்கள். அப்படியானால் அதற்கு முந்தைய மலை நாளையே கடைசி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத் தரவரிசை எங்கே ஏமாற்றும்

2025 டூர் டி சுவிஸின் முதல் நாளிலேயே போர்ச்சுகல் வீரர் அல்மெய்டா மூன்று நிமிடத்துக்கு மேல் இழந்தார், முன்னால் போன கும்பலை யாரும் துரத்தவில்லை. தரவரிசைப் பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் அவரை அன்றைக்கே மறந்திருப்பார்கள். மலை நாள்களை மட்டும் தனிப் பட்டியலாகப் போட்டவர்களுக்கு அவர் ஒவ்வொரு ஏற்றத்திலும் முன்னால் இருந்தது தெரிந்தது. கடைசி நாள் ஸ்டாக்ஹுட்டே மலை டைம் ட்ரையலுக்கு முன் பிரெஞ்சு வீரர் வோக்லாங்கைவிட 33 விநாடி பின்னால், முடிவில் 1 நிமிடம் 7 விநாடி முன்னால். மூன்றாமிடம் வந்த ஆன்லியை அந்தத் தனிப் பட்டியலில் பார்த்தவர்களுக்கு, அவர் ஜூலையில் டூரில் நான்காமிடம் பிடித்தது அதிர்ச்சியாக இருந்திருக்காது.

ஆகவே போனஸ் விநாடி, டைம் ட்ரையல், முதல் நாள் விபத்து, பக்கக்காற்றில் கூட்டம் பிளந்தது எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மலைகளில் மட்டும் யார் யாரிடம் எத்தனை விநாடி என்று ஒரு தனிப் பக்கம் போடுங்கள். கோட்டில் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 என்று போனஸ் விநாடி கிடைக்கும். கழிக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் அரை நிமிடம்கூட பொய்யாகச் சேரும்.

கடைசியாக, எழுதி வைத்துவிடுங்கள்

பந்தயம் முடிந்த இரவே, தூங்குவதற்கு முன், ஒவ்வொருவருக்கும் ஒரே வரி: ஏறுகிறாரா, நிற்கிறாரா, இறங்குகிறாரா, எந்த வகை ஏற்றத்தில், எவ்வளவு நம்பிக்கை. நம்பிக்கையை நான் பத்துக்கு இத்தனை என்று எழுதுவேன். இரண்டு மலை நாள் மட்டுமே பார்த்திருந்தால் ஆறுக்கு மேல் போட மாட்டேன், நான்கு நாள் பார்த்து, அதில் ஒன்று மலை டைம் ட்ரையலாக இருந்தால் எட்டு வரைக்கும். பத்து யாருக்கும் போட்டதில்லை, ஒரே ஒரு விழுதல் எல்லாக் கணக்கையும் கலைத்துவிடும் என்பதை அல்மெய்டாவே அந்த ஜூலையில் காட்டிவிட்டார், டூரின் ஏழாவது ஸ்டேஜில் விழுந்து ஒன்பதாவதில் விலகினார்.

ஜூலையில் டூரின் முதல் பெரிய மலை நாள் இரவு அந்தப் பக்கத்தைத் திறந்து பக்கத்திலேயே உண்மையை எழுதுங்கள். அடித்துத் திருத்தாதீர்கள், பக்கத்தில் எழுதுங்கள். தம்பி ஜூன் 15 இரவு எழுதிய பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. லிப்போவிட்ஸ் பெயருக்கு நேரே: "ரெண்டு நாளும் ஒரே அளவு, ஒரு நாளும் உடையல, நீள ஏத்தம், ஏழு." பக்கத்தில் வேறு பேனாவில், டூர் முடிந்த ஜூலை 27 தேதி போட்டு, சிறந்த இளம் வீரருக்கான ஜெர்சியையும் சேர்த்து: "மூணாவது. வெள்ளை ஜெர்சி."